ஜாடி

அக்கா தட்டை என் பக்கம் தள்ளுவாள்,
சத்தம் வராதிருக்க
தட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் கொடுத்து.
நான் தின்றுவிடுவேன்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.
அதிர்ஷ்டக்காரன் என்று வேறு நினைத்திருந்தேன்.

தாராவி, கிராஸ் ரோடு.
பத்துக்குப் பத்தில் பாதி இடம் கிரைண்டருக்கு.
மூன்று மணிக்கு அம்மா முதல் ஈடு எடுப்பாள்.
அலுமினிய அண்டாவை சைக்கிளில் கட்டி
அப்பா பாந்த்ரா பக்கம் போவார்,
ரப்பர் ஹார்னை அமுக்கி அமுக்கி.
எங்கள் இட்லியைத் தின்றுவிட்டுத்தான்
யார் யாரோ லிஃப்டில் ஏறினார்கள், சண்டை போட்டார்கள், கையெழுத்திட்டார்கள்.

அக்கா ஒன்பதாவது படிக்கையில் தொடங்கியது.
பள்ளிக்கூட வாசலில், மராத்தியில்:
ஜாடி. ஏ ஜாடி.
அம்மா ஒருநாள் காதில் வாங்கி வந்து கேட்டாள்,
"எதுக்குட்டி ஒன்ன ஜாடிங்குதுவ? ஊறுகா கொண்டு போனியா?"
அக்கா சிரித்தாள். ஆமாம் என்றாள்.
மறுநாளிலிருந்து
சிநேகிதிகளுக்கும் சேர்த்து
நார்த்தங்காய் கட்டிக் கொடுத்தாள் அம்மா.

லெந்து நாட்கள் வந்தன. உபவாசம் என்றாள்.
சபையில் பாஸ்டரம்மா அவளை எழுப்பி நிறுத்தி
"பியூலாவைப் பாருங்க, இந்த வயசுல என்ன வைராக்கியம்" என்றார்.
நாங்கள் கை தட்டினோம்.
ஈஸ்டர் வந்தது. பிரியாணி வந்தது.
கல்லறைக் கல் புரண்டுவிட்டது,
அக்காவின் உபவாசம் முடியவில்லை.

வீட்டில் கண்ணாடி ஒன்றுதான்,
அப்பா சவரம் செய்கிற கையகலக் கண்ணாடி.
உடம்பைத் துண்டு துண்டாகத்தான் காட்டும்:
ஒரு கன்னம். மேல்கை. இடுப்பில் ஒரு ஓரம்.
ஒவ்வொன்றையும் தனியாக அழைத்து
விசாரித்துக்கொண்டிருப்பாள்.
மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டாள்.
"இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்க" என்றாள் அத்தை,
கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், கன்னத்தை வழித்து.

மாஹிம் பாலத்துப் படியில் விழுந்தாள்.
மீன்கூடையை இறக்கிவிட்டு ஒருத்தி பிடித்தாளாம்.
சயான் ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மாவின் இந்தியை அம்மாவிடம் தூக்கிப் போவதும்
அம்மாவின் தமிழைத் திரும்பத் தூக்கி வருவதும் நான்தான்.
பதினோரு வயசு.

சாப்பிடுகிறாளா?
"என்னத்தக் கேக்காக? நாங்க இட்லி யாவாரம்லா."
இதை எப்படிப் பெயர்ப்பது?
சாப்பிடுகிறாள் என்றேன்.
பிறகு அந்த விரல் ஞாபகம் வந்தது.
இல்லை, நான்தான் சாப்பிட்டேன் என்றேன்.
டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

யாராவது ஏதாவது சொன்னார்களா?
சுவரைப் பார்த்தபடி
அக்கா அந்த ஒரு சொல்லைச் சொன்னாள்.
"ஜாடின்னா என்னலே?" அம்மா என் பக்கம் திரும்பினாள்.
குண்டுன்னு அர்த்தம்மா.
கொஞ்ச நேரம் அம்மாவின் கை
முந்தியில் எதையோ தேடியது.
"நம்ம பேச்சுல ஜாடின்னா
உள்ள எத வச்சாலும் கெடாது" என்றாள்,
யாரிடம் என்றில்லாமல்.
அக்கா அழுதாள்.
அது ஆறுதலா, இன்னொரு அடியா,
இன்னும் எனக்குத் தெரியவில்லை.
கட்டி வைத்த நார்த்தங்காயெல்லாம் அப்போதுதான்
அம்மாவுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இப்போது புதன்கிழமைதோறும் சயான்.
அறைக்குள்ளே அவள். பெஞ்சில் நானும் டோக்கனும்.
என்னை வகுப்பில் மோட்டு என்கிறார்கள்.
வீட்டில் சொல்லவில்லை.
பையனென்றால் வளர்கிற உடம்பு.

நேற்று ராத்திரி மூன்று இட்லி வைத்தாள் அம்மா.
கிள்ளிக் கிள்ளி ஒன்று முடிவதற்குள்
கிரைண்டர் ஒரு சுற்று உளுந்தை ஆட்டிவிட்டது.
பிறகு தட்டு நகர்ந்தது,
அதே விரல்.
எனக்குப் பசிதான்.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
அக்கா என்னைப் பார்த்தாள், துரோகியைப் பார்ப்பதுபோல.
நான் கிரைண்டரைப் பார்த்தேன்.
நடுவில் இரண்டு இட்லி
ஓரம் காயத் தொடங்கியிருந்தது.